சி.எஸ்.ஆர். ரசீதில் இரண்டு வரிகள் கூடுதலாக வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கங்களில் வரும் குற்றச் செய்திகளில் பெரும்பாலானவை 'புகாரின் பேரில் போலீசார் வழக்குப்பதிவு செய்து விசாரித்து வருகின்றனர்' என்று முடிகின்றன. புகார் கொடுத்தால் வழக்குப் பதிவாகும் என்று வாசகர் எண்ணிக்கொள்வது இயல்பே. சட்டமும் அதைத்தான் சொல்கிறது. ஆனால் தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களில் புகாருக்கும் வழக்குக்கும் நடுவில் மனு பெற்றுக்கொண்டதற்கு அடையாளமான சி.எஸ்.ஆர். என்ற ரசீது ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டு பல வருடங்களாகின்றன. அந்த ரசீதைப் பற்றியும், அதில் செய்ய வேண்டிய சிறு மாற்றத்தைப் பற்றியும் எழுத விரும்புகிறேன்.

நான் நீதித்துறை நடுவர் (மாஜிஸ்திரேட்) நீதிமன்றத்தில் எழுத்தராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவன். இப்போது அக்கம்பக்கத்தார் கொண்டுவரும் காகிதங்களைப் படித்துப் பொருள் சொல்வதும், தேவைப்பட்டால் மனு எழுதிக் கொடுப்பதுமாகப் பொழுது போகிறது. வருகிறவர்களில் பலர் சி.எஸ்.ஆர். ரசீதைக் காட்டி, "கேஸ் போட்டுட்டாங்க சார், இனிமே என்ன பண்ணணும்?" என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். கேஸ் போடவில்லை என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்வதே முதல் வேலையாகிவிடுகிறது.

2024 ஜூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (பி.என்.எஸ்.எஸ்.) நடைமுறையில் இருக்கிறது. பழைய சட்டத்தின் 154ஆம் பிரிவு இதில் 173ஆம் பிரிவாகியிருக்கிறது. பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடிய குற்றம் ஒன்றைப் பற்றி எவர் வந்து தகவல் சொன்னாலும், வாய்மொழியாகச் சொன்னால் அதை எழுத்தில் வடித்து, அவருக்கே படித்துக் காட்டி, கையொப்பம் பெற்று, அதற்குரிய பதிவேட்டில் பதிந்து, ஒரு நகலைக் கட்டணமின்றிக் கையில் கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். குற்றம் எந்தக் காவல் நிலைய எல்லையில் நடந்திருந்தாலும் தகவலைப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்பது இப்போது சட்டத்திலேயே எழுதப்பட்டிருப்பதால், 'அது எங்க லிமிட் இல்ல' என்ற பதிலுக்குச் சட்டத்தில் இடமில்லை. மின்னணு வழியில் தகவல் அனுப்பியவர் மூன்று நாட்களுக்குள் கையொப்பமிட்டுவிட்டால் அதுவும் பதிவுக்கு உரியதாகிறது.

இதில் காவல் அலுவலர் தம் விருப்பப்படி முடிவெடுக்க இடமுண்டா என்ற கேள்விக்கு உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு 2013 நவம்பர் 12 அன்று விடை சொன்னது. லலிதா குமாரி எதிர் உத்தரப் பிரதேச அரசு என்ற அவ்வழக்கின் தீர்ப்பை எழுதியவர், ஈரோடு மாவட்டத்துக்காரரும் அன்றைய தலைமை நீதிபதியுமான ப. சதாசிவம். கடத்தப்பட்ட சிறுமி ஒருத்தியின் தந்தை கொடுத்த புகாரைக் காவல் நிலையம் கண்டுகொள்ளவில்லை. காவல் கண்காணிப்பாளரிடம் போன பிறகே முதல் தகவல் அறிக்கை (எஃப்.ஐ.ஆர்.) பதிவானது. பதிவான பின்னும் சிறுமியை மீட்க ஒன்றும் நடக்கவில்லை. இந்தப் பின்னணியில்தான், புகாரிலேயே அத்தகைய குற்றம் வெளிப்படுமானால் பதிவு செய்வது கட்டாயம், முன்கூட்டி விசாரிக்க வேண்டியதில்லை என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குடும்பத் தகராறு, வணிகக் கொடுக்கல் வாங்கல், மருத்துவக் கவனக்குறைவு, ஊழல், காரணமின்றி மூன்று மாதங்களுக்கு மேல் தாமதித்துக் கொடுக்கப்பட்ட புகார் போன்ற சிலவற்றில் மட்டும் முதற்கட்ட விசாரணை செய்துகொள்ளலாம். அதற்கும் காலவரம்பு உண்டு. அந்த விசாரணையின் முடிவில் புகாரை மூடிவிட்டால், காரணங்களைச் சுருக்கமாகக் குறிப்பிட்டு ஒரு வாரத்துக்குள் புகார்தாரருக்கு நகல் தர வேண்டும் என்றும் அத்தீர்ப்பு சொல்கிறது. அப்படியொரு நகலை எவரும் என்னிடம் கொண்டுவந்து காட்டியதில்லை.

சி.எஸ்.ஆர். என்பது சமூகப் பணிப் பதிவேடு. பி.என்.எஸ்.எஸ்.-இன் எந்தப் பிரிவிலும் அந்தப் பெயர் கிடையாது. அது பயனற்றது என்று நான் சொல்ல வரவில்லை. பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் தொலைந்துபோனால், பக்கத்து வீட்டுத் தண்ணீர் நம் வாசலில் வந்து விழுந்தால், அண்ணன் தம்பிக்குள் வரப்புச் சண்டை வந்தால், 'மனு வந்தது, இன்ன தேதி, இன்ன எண்' என்று ஒரு சீட்டுக் கிடைப்பது நல்லதுதான். வாங்கிய மனுவை மேசைக்கு அடியில் தள்ளிவிட முடியாதபடி செய்ததற்காக அந்த ஏற்பாட்டைப் பாராட்டவும் வேண்டும். திருட்டும் பறிப்பும் மோசடியும் அதே பதிவேட்டுக்குள் போய், அங்கேயே தங்கிவிடுவதுதான் சிக்கல்.

கட்டட வேலைக்குப் போகும் ஒரு பெண் அண்மையில் தம் ரசீதை பாலித்தீன் உறையில் போட்டு எடுத்து வந்திருந்தார். பேருந்துக்காக நின்றிருந்தபோது பைக்கில் வந்த இருவரில் பின்னால் இருந்தவன் அவர் கையிலிருந்த செல்போனைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டான். ரசீதில் 'பேருந்து நிறுத்தத்தில் செல்போனைத் தவறவிட்டுவிட்டதாக' என்றிருந்தது. "பிடுங்கிட்டுப் போனான்னுதானேம்மா சொன்னீங்க?" என்று கேட்டேன். "அப்படித்தான் சார் சொன்னேன். தொலைஞ்சதுன்னு எழுதிக் குடும்மா, அப்பத்தான் சீக்கிரம் ட்ரேஸ் பண்ண முடியும்னு ரைட்டர் சொன்னாரு" என்றார். செல்போனின் அடையாள எண்ணான ஐ.எம்.இ.ஐ. எண்ணை முடக்குவதற்கு அந்த ரசீது போதுமானதாக இருந்தது. ஆகவே அவருக்கும் குறையொன்றும் தெரியவில்லை. ஆனால் அந்த ஒரு சொல்லால் பறித்தவன் என்று ஒருவனே இல்லாமல் போய்விட்டான். நாளை அதே பைக்கில் அவன் பிடிபட்டு, பத்துச் செல்போன்கள் கைப்பற்றப்பட்டாலும், இவருடைய செல்போனுக்கு வழக்கே இருக்காது.

இதில் புதிய சட்டம் கொண்டுவந்த இன்னொரு நுணுக்கமும் ஒளிந்திருக்கிறது. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆம் பிரிவில், களவுபோன பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழே இருந்து, செய்தவர் முதல்முறை தண்டிக்கப்படுபவராகவும் இருந்து, பொருளையோ மதிப்பையோ திருப்பித் தந்துவிட்டால், சமூக சேவையே தண்டனை. தண்டனையை இலகுவாக்கியதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பி.என்.எஸ்.எஸ். அட்டவணையில் அந்த 5,000 ரூபாய்க்குக் கீழான திருட்டு, பிடியாணையின்றிக் கைது செய்ய முடியாத வகையில் சேர்க்கப்பட்டிருக்கிறது. நடுவரின் உத்தரவு இல்லாமல் போலீஸ் அதைப் புலனாய்வு செய்ய இயலாது. முப்பதாயிரம் ரூபாய் செல்போன் வைத்திருப்பவருக்கு எஃப்.ஐ.ஆர். கிடைக்கும், செகண்ட் ஹேண்டில் நாலாயிரத்துக்கு வாங்கியவருக்குக் கிடைக்காது. இதை எழுதியவர்களுக்கு அந்த நாலாயிரம் எத்தனை நாள் கூலி என்று தெரிந்திருக்குமா என்பது என் ஐயம். அதே வேளையில், திடீரெனவோ வலுவந்தமாகவோ பிடுங்கிச் செல்வது 304ஆம் பிரிவில் பறிப்பு என்ற தனிக் குற்றம். அதற்குப் பொருளின் மதிப்பு ஒரு பொருட்டல்ல, பிடியாணையின்றியே கைது செய்யலாம். ஆகவே, அந்தப் பெண்ணின் புகாரில் 'பிடுங்கினான்' என்று இருக்கிறதா, 'திருடினான்' என்று இருக்கிறதா, 'தவறவிட்டேன்' என்று இருக்கிறதா என்பதே, அவருக்கு எந்த அளவுக்குச் சட்டம் துணை நிற்கும் என்பதைத் தீர்மானித்துவிடுகிறது. அந்த வாக்கியத்தைச் சொல்கிறவர் அவர், எழுதுகிறவர் வேறொருவர். படித்துக் காட்டிக் கையொப்பம் வாங்க வேண்டும் என்று சட்டம் ஏன் வைத்திருக்கிறது என்பது இப்போது விளங்கும்.

பிடியாணையின்றிக் கைது செய்ய முடியாத குற்றமாக இருந்தாலும் காவல் நிலையத்துக்கு வேலை இல்லையென்று ஆகாது. பி.என்.எஸ்.எஸ்.-இன் 174ஆம் பிரிவின்படி தகவலின் சாரத்தைப் பதிவேட்டில் எழுதிவிட்டு, புகார்தாரரை நடுவரிடம் அனுப்ப வேண்டும். அத்தகைய தகவல்களின் நாட்குறிப்பை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நடுவருக்கும் அனுப்ப வேண்டும். பல குற்றங்கள் சேர்ந்த ஒரு நிகழ்வில் ஒன்றாவது பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடியதாக இருந்தால், முழு வழக்குமே அவ்வகையாகக் கொள்ளப்படும் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. வெறுங்கையால் அடித்ததற்கு மட்டும் நேராக எஃப்.ஐ.ஆர். போட முடியாது, ஆபாசமாகத் திட்டியதற்குப் போடலாம் என்ற நிலையில், 'ஆபாசமாகத் திட்டி' என்ற சொற்கள் நம் ஊர் அடிதடி வழக்குகளில் தவறாமல் முதலில் வந்து நிற்பதன் இரகசியம் நீதிமன்ற வராந்தாவில் நின்ற எவருக்கும் தெரியும்.

சீட்டுப் பணம், வேலை வாங்கித் தருவதாகப் பெற்ற பணம், நிலத்துக்குக் கொடுத்த அட்வான்ஸ் ஆகியவற்றில் நடப்பது வேறு விதம். மனு ரசீது கொடுத்ததும் எதிர்த்தரப்பை வரவழைத்து, 'மூன்று மாதத்தில் கொடுத்துவிடுகிறேன்' என்று எழுதி வாங்கிக்கொண்டு இருவரையும் அனுப்பிவிடுகிறார்கள். பணம் திரும்பினால் எல்லோருக்கும் நல்லது என்பதை மறுக்கவில்லை. சில அலுவலர்கள் உண்மையான அக்கறையோடுதான் அப்படிச் செய்கிறார்கள். ஆனால் மூன்று மாதம் ஆறு மாதமாகி, அந்த அலுவலரும் மாறுதலாகிப் போன பிறகு, புதிதாக வந்தவர் "இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க" என்கிறார். அதற்குள் எதிராளி வீட்டை மனைவி பேருக்கு மாற்றியிருப்பார், வங்கிக் கணக்கைத் துடைத்திருப்பார்.

தாமதத்தின் விலை விசாரணையின்போதுதான் முழுதாகத் தெரிகிறது. குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்பவை பெரும்பாலும் மூன்று நேரங்கள்: சம்பவம் எப்போது, எஃப்.ஐ.ஆர். எப்போது, அது நடுவரிடம் வந்து சேர்ந்தது எப்போது. 1972இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த துலியா காளி எதிர் தமிழ்நாடு அரசு என்ற கொலை வழக்கில், இரண்டு மைல் தொலைவில் காவல் நிலையம் இருந்தும் இருபது மணி நேரத்துக்கு மேல் கழித்தே புகார் கொடுக்கப்பட்டது என்பது அரசுத் தரப்பைப் பெரிதும் பலவீனப்படுத்தியது, குற்றம் சாட்டப்பட்டவர் விடுவிக்கப்பட்டார். தாமதமாக வரும் புகாரில் நடந்ததன் பசுமை போய், யோசித்துச் சேர்த்தவை கலந்துவிடும் என்ற அத்தீர்ப்பின் கருத்து இன்றும் நாடெங்கும் எடுத்துக்காட்டப்படுகிறது. அங்கே தாமதித்தவர்கள் புகார்தாரர் தரப்பினர். சி.எஸ்.ஆர். விவகாரங்களிலோ புகார்தாரர் அன்றைக்கே போய்விடுகிறார். தாமதிப்பது காவல் நிலையம். மாதங்கள் கழித்து எஃப்.ஐ.ஆர். போடும்போது புதிதாக ஒரு புகார் எழுதி வாங்கப்பட்டு, முதலில் கொடுத்த புகார் வழக்குக் கோப்பிலேயே இல்லாமல் போவதும் உண்டு. அப்போது எதிர்த்தரப்பு வழக்கறிஞர், "முதல் புகாரை ஏன் மறைத்தீர்கள்?" என்று கேட்டால், கூண்டில் நிற்கும் புகார்தாரரே விழிக்க வேண்டியிருக்கிறது.

காவல் துறையினரின் பக்கமும் நியாயம் இல்லாமலில்லை. எல்லா மனுவையும் எஃப்.ஐ.ஆர். ஆக்கினால் புலனாய்வு செய்ய ஆள் போதாது என்பதும், பகை தீர்க்கப் பொய்ப்புகார் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள் என்பதும் உண்மை. ஆனால் பொய்த் தகவலுக்கு நியாய சன்ஹிதாவின் 217ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறையும், தீங்கிழைக்கும் நோக்கில் பொய்யாகக் குற்றம் சாட்டுவதற்கு 248ஆம் பிரிவில் அதைவிடக் கடுமையான தண்டனையும் இருக்கின்றன. எஃப்.ஐ.ஆர். போட்டால் உடனே கைது செய்தாக வேண்டும் என்பதும் தவறான எண்ணம். பதிவு வேறு, கைது வேறு என்று லலிதா குமாரி தீர்ப்பே விளக்கியிருக்கிறது. ஏழாண்டு வரை தண்டனைக்குரிய குற்றங்களில் கைது ஏன் தேவை என்று காரணம் எழுத வேண்டும், தேவையில்லையென்றால் ஆஜராகும்படி அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்பதை 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் நிலைநாட்டிவிட்டது. பாலியல் குற்றங்கள் போன்ற சிலவற்றில் தகவலைப் பதிய மறுக்கும் அரசு ஊழியருக்கு நியாய சன்ஹிதாவின் 199ஆம் பிரிவு ஆறு மாதத்துக்குக் குறையாத கடுங்காவலை விதிக்கிறது. குழந்தைகள் மீதான பாலியல் குற்றத்திலோ தகவல் தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே போக்சோ சட்டத்தின்படி குற்றம். அங்கெல்லாம் சி.எஸ்.ஆர். என்ற பேச்சே எழக்கூடாது.

ஆள்பற்றாக்குறை, பொய்ப்புகார் என்ற இரு கவலைகளுக்கும் புதிய சட்டம் ஓரளவு வழிவிட்டிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 173ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவின்படி, மூன்றாண்டு அல்லது அதற்கு மேல், ஆனால் ஏழாண்டுக்குக் குறைவான தண்டனையுள்ள குற்றங்களில், முகாந்திரம் இருக்கிறதா என்று பார்க்க 14 நாட்களுக்குள் முதற்கட்ட விசாரணை செய்யலாம். நிபந்தனை என்னவென்றால், துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அலுவலரின் முன் அனுமதி வேண்டும். ஆக, எஃப்.ஐ.ஆர். போடாமல் விசாரிக்கச் சட்டம் ஒரு கதவைத் திறந்து, அதில் யார் அனுமதிக்க வேண்டும், எத்தனை நாள் என்பதையும் எழுதி வைத்திருக்கிறது. சி.எஸ்.ஆர். ரசீதில் இவ்விரண்டும் இல்லை. அனுமதி யாருடையது என்பது புகார்தாரருக்குத் தெரியாது. 14 நாள் எப்போது முடிந்தது என்பதும் தெரியாது. கேட்டால் "விசாரணையில் இருக்கு" என்ற பதிலே கிடைக்கும்.

மேலே போகும் வழியும் இந்தத் தெளிவின்மையால்தான் அடைபடுகிறது. பதிவு செய்ய மறுத்தால் தகவலின் சாரத்தை எழுதித் தபாலில் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்பலாம் என்றும், அதிலும் பயனில்லையென்றால் நடுவரிடம் மனுச் செய்யலாம் என்றும் 173ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவு சொல்கிறது. நடுவர் 175ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவின்படி, பிரமாணப் பத்திரத்தைப் பார்த்து, காவல் அலுவலர் சொல்வதையும் கேட்டு, புலனாய்வுக்கு உத்தரவிடலாம். நம் மக்கள் போவதோ திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்கும் முதலமைச்சர் தனிப்பிரிவுக்கும். அங்கே கொடுத்த மனு பல கைகள் மாறி, கடைசியில் முதலில் விசாரித்த அதே உதவி ஆய்வாளரின் மேசைக்கே திரும்பி வருகிறது. நடுவரிடம் போகலாமே என்றால், "மறுத்தார்கள் என்பதற்கு ஆதாரம் என்ன?" என்ற கேள்வி எழும். சி.எஸ்.ஆர். ரசீது கையில் இருப்பதால் மறுத்ததாகவும் சொல்ல முடியாது, எஃப்.ஐ.ஆர். இல்லாததால் ஏற்றதாகவும் சொல்ல முடியாது.

எனவே நான் கேட்பது சட்டத்திருத்தம் அல்ல. காவல் துறைத் தலைமை இயக்குநர் ஒரு சுற்றறிக்கையில் செய்துவிடக்கூடிய மாற்றம். சி.எஸ்.ஆர். ரசீதின் அச்சுப் படிவத்தில் இரண்டு வரிகள் சேர வேண்டும். முதல் வரியில், இந்த மனு குற்றம் எதையும் வெளிப்படுத்தாததா, 174ஆம் பிரிவில் வருவதா, 173(3)இன்படி முதற்கட்ட விசாரணையில் வைக்கப்பட்டதா என்பதை அலுவலர் குறித்துக் கையொப்பமிட வேண்டும். இரண்டாம் வரியில், முதற்கட்ட விசாரணையானால் அனுமதி அளித்த துணைக் கண்காணிப்பாளரின் உத்தரவுத் தேதியும், 14 நாள் முடியும் தேதியும் இருக்க வேண்டும். இந்த மூன்றில் எதிலும் அடங்காத மனுவுக்கு சி.எஸ்.ஆர். ரசீது தரவே முடியாது; எஃப்.ஐ.ஆர். தான் தர வேண்டியிருக்கும். காவல் துறையின் இணையதளத்தில் சி.எஸ்.ஆர். நிலையைப் பார்க்கும் வசதி ஏற்கெனவே இருப்பதால், அதே விவரத்தை அங்கும் காட்டுவது பெரிய செலவாகாது.

எஃப்.ஐ.ஆர். பதிவான வழக்குகளில் புலனாய்வின் நிலையை 90 நாட்களுக்குள் புகார்தாரருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ தெரிவிக்க வேண்டும் என்று 193ஆம் பிரிவு இப்போது சொல்கிறது. அந்த உரிமை சி.எஸ்.ஆர். வைத்திருப்பவருக்குக் கிடையாது என்பதையும் இங்கே நினைவூட்டுகிறேன்.

தங்கள் செய்தியாளர்களிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. குற்றச் செய்தி எழுதும்போது எஃப்.ஐ.ஆர். எண் என்னவென்று காவல் நிலையத்தில் கேளுங்கள். எண் இல்லையென்றால், 'மனு ரசீது மட்டும் தரப்பட்டுள்ளது' என்று அப்படியே வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீதிமன்ற எழுத்தர்,
தஞ்சாவூர் மாவட்டம்.